வால் முளைத்த வினைச்சொற்களும் என் ஓர்ப்படியாளும்

1

எங்கள் குடியிருப்பைப் பராமரிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுப் புகை அலாரம் அலறியதே, அதற்கு என்ன காரணம் என்று கேட்கிறார்கள். சமையல், சிகரெட், மெழுகுவர்த்தி, மின்கோளாறு, பிற என்று ஐந்து கட்டங்கள். ஒன்றில் குறி போட வேண்டும். 'பிற' என்றால் கீழே இரண்டு வரியில் விளக்க வேண்டுமாம்.

இரண்டு வரியில் அடங்குகிற சமாச்சாரமா அது? என் ஓர்ப்படியாள் ஈஸ்வரி எனக்குக் கண்ணு கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றி வாணலியில் போட்டாள் என்று எழுதினால், அடுத்த கடிதம் மனநல மருத்துவரிடமிருந்து வரும். ஓர்ப்படியாள் என்றால் யார் என்பதற்கே இவர்களிடம் சொல் இல்லை. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. இவர்களுக்கு நாத்தனாரும் சிஸ்டர் இன் லா, மதினியும் சிஸ்டர் இன் லா, கொழுந்தியாளும் அதேதான்.

அங்கே எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். இது ஒரு வேலை உயர்வைப் பற்றியது. அது ஈஸ்வரிக்குக் கிடைத்துவிடுமோ என்று நான் பட்ட பொறாமையைப் பற்றியது. தேனிப் பக்கம் உட்கார்ந்து இதை வாசிப்பவர்கள் பாதியிலேயே என்னைத் திட்ட ஆரம்பிப்பீர்கள். திட்டிக்கொள்ளுங்கள். இங்கே யாரும் திட்டித் தரமாட்டேன் என்கிறார்கள்.

2

நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம். உத்தமபாளையத்தில் படித்தேன். வகுப்பில் நாடகத்தையும் கவிதையையும் தமிழில் விளக்குவார்கள், நாங்கள் அதை ஆங்கிலத்தில் எழுதுவோம். ஐந்து வருடத்தில் வாய் திறந்து முழுசாக ஒரு ஆங்கில வாக்கியம் பேசியதாக நினைவில்லை. கடைசி நாள் வாய்மொழித் தேர்வில் "தேங்க்யூ சார்" என்றேன். அதற்கே உள்ளங்கை வேர்த்துவிட்டது.

ஆனாலும் எங்கள் தெருவுக்கு நான்தான் ஆங்கிலம். பாதி வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாத்திமாக்கா, மகன் அனுப்பிய தூதரகத் தாளை மடியில் பொத்திக்கொண்டு வருவார். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால், நான் படித்து முடிக்கும்வரை வீடே மூச்சுக் காட்டாது. "சித்ரா சொன்னா சரியா இருக்கும்" என்பார். அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிறகு சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் ஆங்கில டீச்சர். கல்யாணம், மகள், அப்புறம் வீட்டுக்காரர் வேலையோடு வட இங்கிலாந்தின் இந்தச் சின்ன ஊர். வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.

இங்கே எனக்குக் கிடைத்தது முதியோர் காப்பகத்தில் பராமரிப்பாளர் வேலை. காலை ஏழு மணிக்கு ஹேண்டோவர் நடக்கும். இரவு வேலை பார்த்தவர்கள் ராத்திரி யாருக்கு என்ன ஆனது என்று பகல் வேலைக்காரர்களிடம் ஒப்பித்துவிட்டுப் போவார்கள். முதல் நாள் அந்த அறையில் நின்றபோது, எனக்குத் தெரிந்த மொழியில்தான் பேசுகிறார்களா என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கிழவர் சாப்பாட்டில் 'ஆஃப்' ஆக இருக்கிறாராம். ஒரு கிழவி விடியற்காலையில் 'ப்ளே அப்' பண்ணினாளாம், அப்புறம் 'செட்டில் டவுன்' ஆனாளாம். நான் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, கழிவறைக்குப் போய் எல்லாவற்றையும் கையில் எழுதிக்கொண்டேன். 'ஆஃப்' என்றால் சாப்பாடு இறங்கவில்லை, 'ப்ளே அப்' என்றால் அடம் பிடித்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் கற்ற ஆங்கிலத்தில் தள்ளிப்போடுவதற்கு ஒரு நீளமான சொல், விளக்கை அணைப்பதற்கு ஒன்று, பொறுத்துக்கொள்வதற்கு ஒன்று. ஒவ்வொன்றும் கோட்டு சூட்டு போட்ட சொல். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே 'புட்'. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. புட் அவுட் என்றால் அணை. புட் அப் வித் என்றால் சகித்துக்கொள். வினையை விட்டுவிட்டு வாலை வைத்துப் பிழைக்கிறார்கள். ஒரு தடவை விளக்கை அணைக்கச் சொல்ல நான் கோட்டு சூட்டுச் சொல்லைப் போட்டேன். அன்றிலிருந்து எனக்கு 'ப்ரொஃபசர்' என்று பெயர். பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு முள்ளாகக் குத்தியது.

நோட்டு ஒன்று வாங்கினேன். அகர வரிசையில் எழுதி, எதிரே தமிழ்ப் பொருள் எழுதி, தூங்கப்போகும் முன் மனப்பாடம் செய்வேன். எழுதினால் எல்லாம் சரியாக வரும். பேசப் போனால் தொண்டையில் வரிசை கட்டி நிற்கும், ஒன்றும் வெளியே வராது. இப்படியே ஏழு வருடம் போயிற்று. அப்போதுதான் ஈஸ்வரி வந்தாள்.

3

கொழுந்தனுக்கு இங்கே ஓர் உணவகத்தில் சமையல் வேலை கிடைத்து, பின்னாலேயே ஈஸ்வரி இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். கோம்பைக்காரி. பத்தாவதோடு படிப்பு நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் ஏலக்காய் எடுக்க ஜீப்பில் மலைக்குப் போனவள். விடியுமுன் பதினைந்து பேரை அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறுமே, அந்த ஜீப்புகள். கல்லூரி பஸ்ஸில் போகும்போது, சாயங்காலம் திரும்பி வரும் அந்த ஜீப்புகளை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, நல்லவேளை நமக்குப் படிப்பு வந்தது என்று நினைத்துக்கொள்வேன். அதில் ஒன்றில் இவளும் தொங்கிக்கொண்டு வந்திருப்பாள்.

மலைத் தோட்டத்தில் மேஸ்திரி, சாயாக் கடைக்காரர், கங்காணியம்மா எல்லோரும் மலையாளம். இரண்டே மாதத்தில் அவர்களோடு சண்டை போடுகிற அளவுக்கு மலையாளம் பேசினாளாம். எப்படிக் கற்றாய் என்று கேட்டேன். "கத்துக்கிறதுக்கு என்னக்கா இருக்கு, அவுக சொன்னதத் திருப்பிச் சொன்னா அவுகளே திருத்திட்டுப் போறாக" என்றாள். தப்பாகப் பேசினால் சிரிக்கமாட்டார்களா என்றேன். சிரித்தால் நல்லதுதானே, சாயா வாங்கித் தருவார்கள் என்றாள்.

காப்பகத்தில் துணி துவைக்கும் பகுதியில் நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன். விண்ணப்பம் நான் எழுதினேன். அவளுக்கு ஆங்கில எழுத்து ஓடாது. கடிதம், மின்னஞ்சல், பள்ளிக்கூடச் சீட்டு, விசா அலுவலகத் தாள் எதுவானாலும் பையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொண்டுவருவாள். நான் வாசித்துச் சொல்வேன். உத்தமபாளையத்து நாற்காலி எனக்கு மறுபடி கிடைத்த மாதிரி இருந்தது. அந்த ஒரு வருடம் அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டாவது வருடம் அவளைப் பராமரிப்புக்கு மாற்றினார்கள். துணி கொடுக்கப் போகும் சாக்கில் எல்லா அறையிலும் பேசிப் பேசி, கிழவர் கிழவிகளெல்லாம் அவளையே கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருநாள் ஆர்தர் என்ற கிழவரின் அறை வாசலில் நின்று கேட்டேன். "கம் ஆன், ஆர்தர். சிட் அப். டிரிங்க் அப். சியர் அப், லவ்" என்று இவள் ஏற்ற இறக்கத்தோடு சொல்ல, மூன்று நாளாக டம்ளரைத் தொடாத மனிதர் குடித்துக்கொண்டிருந்தார். உச்சரிப்பு அப்படியே இந்த ஊர்க்காரர்கள் மாதிரி. இலக்கணம் பாதி கோம்பை. யாருக்கும் அது ஒரு பொருட்டாகவே இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எரிந்தது.

4

என் மகள் காவ்யாவுக்குப் பதினேழு வயது. என்னோடு பேசுவது ஆங்கிலத்தில். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் பாதி வாசலுக்கு வெளியிலிருந்து வரும். ஆனால் அவள் சித்தியோடு பேசுவது தமிழில். அதுவும் எந்தத் தமிழில்? 'அங்கன வச்சேன்', 'இங்கன பாருங்க சித்தி' என்று கோம்பைத் தமிழில். ஏழு வருடம் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு நான் இழுத்துக்கொண்டு போய் வராத தமிழ், ஈஸ்வரி வீட்டில் கறிவேப்பிலை உருவிக்கொண்டே வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரி என் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். ஆங்கில எழுத்து தெரியாதென்றாலும் பக்கங்களின் நெரிசலைப் பார்த்து மலைத்துப்போனாள். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். இதற்கு விதி கிடையாது, ஒவ்வொன்றாகத்தான் மனப்பாடம் செய்யவேண்டும் என்று டீச்சர் குரலில் சொன்னேன்.

"அக்கா, இது நம்ம பேச்சுல இருக்கிறதுதேன்" என்றாள். "சொல்லுங்கிறது ஒண்ணு. சொல்லி வையி, சொல்லிப் பாரு, சொல்லித் தொலை. பின்னாடி வாலு மாறுனாக் கொணமே மாறிப்போகுதுல்ல? இவுக வாலு அப்பு, அவுட்டு, ஆஃபு. அம்புட்டுத்தேன்."

நான் நோட்டை மூடி வைத்தேன். இருபது வருடம் ஆங்கிலமும் தமிழும் படித்த மண்டையில் உதிக்காத ஒன்று, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்கு உதித்துவிட்டது. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பெற்றோர் சார்பில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இந்த வால் கதையைச் சொன்னேன். வந்துவிட்டான், வந்து சேர்ந்தான், வந்து தொலைந்தான் என்று உதாரணங்களைக் கூட்டிக்கொண்டேன். நான் கண்டுபிடித்ததாகவே சொன்னேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்று கைதட்டியவள் ஈஸ்வரி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "நம்ம சொன்னத அக்கா எப்பிடி அழகாக் கோத்துச் சொல்லுச்சு பாரு" என்று காவ்யாவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் முன் இருக்கையில் உட்கார்ந்து, அவள் குத்திக் காட்டுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

5

இப்போது செய்த பாவத்துக்கு வருகிறேன்.

காப்பகத்தில் சீனியர் பராமரிப்பாளர் இடம் ஒன்று காலியானது. சம்பளம் கொஞ்சம் கூடும். பெரிய விஷயம் என்னவென்றால், காலை ஹேண்டோவரை நடத்துவது அவர்தான். இரவுக்காரர்கள் ஒப்பிப்பதை வாங்கி, நடுவில் நின்று எடுத்துச் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அதற்கு நான் முன்னால் இரண்டு தடவை விண்ணப்பித்தேன். இரண்டு தடவையும் எங்கள் மேலாளர் லிண்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் எழுத்து வேலையில் குறையே இல்லை, இன்னும் கொஞ்சம் 'ஸ்பீக் அப்' பண்ணு, போதும் என்றாள். பேசு என்பதற்கும் ஒரு வால்.

இந்தத் தடவை செவ்வாய்க்கிழமை லிண்டா என்னை நடையில் நிறுத்தினாள். விண்ணப்பம் போடப்போகிறாய்தானே, நல்லது என்றாள். பிறகு, ஈஸ்வரியையும் போடச் சொல், அவளை நான் எதிர்பார்க்கிறேன், எழுத்து வேலையை நானே பழக்கிக்கொள்கிறேன் என்றாள். மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள், ஆனால் ஈஸ்வரி அதைப் பார்ப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். அன்று ஈஸ்வரிக்கு விடுமுறை. மறுநாளிலிருந்து லிண்டாவுக்கு ஒரு வாரம் விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியத்தோடு விண்ணப்பத்துக்குக் கடைசி. "பாஸ் இட் ஆன்" என்றாள். சொல்லிவிடு என்று பொருள். என் நோட்டில் 'பி' பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இளையவர் வீட்டுக்கான சேதி மூத்தவர் வீட்டில்தான் சொல்லப்படும். கல்யாணப் பத்திரிகைகூட இரண்டையும் மூத்தவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், அவள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். லிண்டாவுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. ஆனால் அவளும் அதையேதான் செய்தாள்.

புதன்கிழமை பஸ்ஸில் ஈஸ்வரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சின்னவனுக்குப் பல் விழுந்த கதையை ஆரம்பித்தாள். முடியட்டும் என்று இருந்தேன், இறங்கும் இடம் வந்துவிட்டது. வியாழக்கிழமை எனக்குத் தலைவலி என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தைலம் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில்கூட நேரம் இருந்தது. பையிலிருந்து எலுமிச்சைச் சாதம் எடுத்து, "ஒங்களுக்குப் புடிக்குமேன்னு புளிப்புத் தூக்கலாப் போட்டேன்" என்று என் மடியில் வைத்தாள். மதியம் அவள் அறை அறையாகப் படுக்கை விரித்துக்கொண்டிருக்க, நான் அந்தச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டியதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. சாதம்கூட ருசியாக இருந்தது.

லிண்டா திரும்பி வந்ததும் கேட்டாள், ஈஸ்வரி ஏன் போடவில்லை என்று. பிள்ளைகள் சின்னவர்கள், இப்போது அவளுக்கு விருப்பமில்லை என்றேன். அந்த வாக்கியம் மட்டும் தட்டுத்தடங்கல் இல்லாமல், இந்த ஊர்க்காரி மாதிரி என் வாயிலிருந்து வந்தது.

6

வேலை எனக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் இனிப்பு வாங்கி வந்தார். ஈஸ்வரி கேசரி கிண்டி எடுத்து வந்து, முதல் கரண்டியை என் வாயில் ஊட்டிவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை என் முதல் ஹேண்டோவர். நடுவில் நின்றேன். எதிரே எட்டுப் பேர். சுவரோரம் ஈஸ்வரி, பெருமை தாங்காமல், பள்ளிக்கூட விழாவில் பிள்ளையைப் பார்க்கிற முகத்தோடு. ஆர்தர் வாந்தி எடுத்ததைச் சொல்ல வேண்டும். நோட்டில் அதற்கு மூன்று வழி வைத்திருந்தேன். மூன்றும் மறந்து, கோட்டு சூட்டுச் சொல்தான் வந்தது. இரவு உணவை வாய்வழியே வெளியேற்றினார் என்றேன். பின்னர் அமைதிப்படுத்தப்பட்டார் என்றேன். நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிப்பதுபோல் இருந்திருக்கும். யாரோ லேசாகச் சிரித்தார்கள். சிரித்தது ஈஸ்வரி இல்லை. அவள் என்னோடு சேர்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள், எடுத்துக் கொடுப்பவள் மாதிரி. அதைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். ரத்த அழுத்தம் பார்த்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் படுக்கை.

7

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரி ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். கல்லுப்பு, வரமிளகாய், கடுகு. பதவி கிடைத்த கையோடு படுத்துவிட்டேனே, இது டாக்டருக்குக் கட்டுப்படுகிற கோளாறு இல்லை என்றாள். சின்னவள் பெரியவளுக்குச் சுற்றக் கூடாது என்று ஊரில் சொல்வார்களாம். இங்கன பெரியவுகளுக்கு நான் எங்கே போவேன் என்று அதற்கும் அவளே பதில் சொல்லிக்கொண்டாள். கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும். இந்த மேகமூட்டத்தில் கிழக்கு எது என்று தெரியாமல், காவ்யா போனில் திசைகாட்டி வைத்து என்னை அலமாரிப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள்.

காலடி மண்ணும் வேண்டும். யார் கண் என்று சந்தேகமோ அவர்கள் மிதித்த மண். கார் நிறுத்துமிடத்துச் செடிப் பாத்தியிலிருந்து ஒரு பிடி அள்ளி வந்திருந்தாள். எல்லாரும் நடக்கிற இடமாம். பிறகு, தன் செருப்பைக் கழற்றி அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி அதோடு சேர்த்தாள்.

அது எதற்கு என்று கேட்டேன்.

"என் கண்ணும் பட்டிருக்கும்க்கா" என்றாள். "வேலை கெடச்சிருச்சுன்னு நீங்க சொன்னப்ப எனக்குச் சுருக்குன்னுச்சு. இப்பிடி ஒரு எடம் இருந்தது நமக்குத் தெரியாமப் போச்சேன்னு ஒரு நிமிசம் நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்கிறக் கூடாதுல்ல, அதேன்."

சொல்லிவிட்டு என் தலையை மூன்று முறை சுற்றினாள். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு என்று ஆரம்பித்தாள். நான் குனிந்துகொண்டேன். துப்பச் சொன்னாள், துப்பினேன். வாணலியில் கொட்டினாள். மிளகாய் கருகிப் புகைந்தது, ஆனால் ஒரு தும்மல் வரவில்லை. "நெடியே இல்ல பாத்தீகளா, எம்புட்டுக் கண்ணு" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, அலாரம் அலறியது. காவ்யா நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினாள். எதிர்வீட்டுக்காரர் குளியல் அங்கியோடு ஓடிவந்தார். ஈஸ்வரி வாசலுக்குப் போய், ஒன்றுமில்லை, சமையல் 'கெட் அவுட் ஆஃப் ஹேண்ட்' ஆகிவிட்டது, கைமீறிவிட்டது என்று சிரித்துப் பேசி அவரை அனுப்பி வைத்தாள். அந்த நேரத்திலும், அடடா எவ்வளவு சரளமாக வருகிறது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. என் புத்தி அப்படி.

அலாரம் நின்றது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். அவளுடைய ஒரு செருப்பு இன்னும் மேசை ஓரம் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"லிண்டா ஒன்னயத்தேன் போடச் சொன்னாக ஈஸ்வரி. என்கிட்டச் சொல்லிவிட்டாக. நான் சொல்லல. அப்புறம் கேட்டாக, ஒனக்கு விருப்பமில்லைன்னு சொல்லிட்டேன்."

என்றைக்குச் சொல்லிவிட்டார்கள் என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றேன். விரலை மடக்கினாள்.

"புதன், வியாழன், வெள்ளி. மூணு நாளும் ஒட்டி உக்காந்துதேன் வந்தோம்."

"ஆமா."

"எனக்கு எழுத்துத் தெரியாதுன்னுதானேக்கா ஒங்ககிட்ட வந்தேன்" என்றாள். சத்தம் போடவில்லை. எழுந்து செருப்பை மாட்டினாள். சுற்றிப்போட்ட சாம்பலை முச்சந்தியில் கொட்ட வேண்டும், அதைச் சுற்றியவள்தான் செய்ய வேண்டும். வாணலியை அடுப்பிலேயே விட்டுவிட்டாள். நீங்களே கொண்டுபோய்க் கொட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

காவ்யா அடுக்களை வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "ஏம்மா இப்பிடிப் பண்ணுனீக?" என்றாள். மூன்று நான்கு வருடத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. கோம்பைத் தமிழ்.

சாம்பலை ஒரு பழைய தயிர் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இங்கே முச்சந்திக்கு எங்கே போக? கார்கள் சுற்றிப் போகிற வட்டத் திட்டு ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

8

மறுநாள் லிண்டாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அங்கே எனக்கு ஆங்கிலம் தடங்கிற்று, ஆனாலும் சொல்லி முடித்தேன். அவள் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, சரி, இதற்காக உன்னையே 'பீட் அப்' பண்ணிக்கொள்ளாதே என்றாள். உன்னையே அடித்துக்கொள்ளாதே என்று அர்த்தம். இனி ஈஸ்வரிக்கு நேராகவே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். பதவியை விட்டுவிடுகிறேன் என்றேன். அதற்கு ஒரு படிவம் உண்டாம், நான்கு வாரம் ஆகுமாம். ஆனால் நான் விட்டாலும் அது ஈஸ்வரிக்குப் போகாது. விண்ணப்பித்தவர்களில் அடுத்து இருக்கிற பெண்ணுக்குத்தான் போகும். விதி அப்படி. ஊராக இருந்தால் ஒரு பெரிய சத்தம் போட்டு, நாலு பேர் முன்னால் என் முகத்தில் அடித்த மாதிரி கேட்டு, அதோடு ஒரு முடிவுக்கு வந்திருக்கும். இங்கே என் தோளைத் தட்டி, தேநீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

ஈஸ்வரி இரவு வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரே பஸ்ஸில் வர வேண்டாம் என்றுதான். கடிதங்களைக் காவ்யாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறாள். காவ்யா அங்கே போய் வாசித்துவிட்டு, எழுத்தும் சொல்லிக் கொடுக்கிறாளாம். கொழுந்தன் எப்போதும்போல் வந்து போகிறார். என்ன நடந்தது என்று அவரிடம் அவள் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதுவும் எனக்கு உறுத்துகிறது. நானாக இருந்தால் ஊர் பூராவும் சொல்லியிருப்பேன்.

படிவத்தில் 'சமையல்' என்று குறி போட்டுவிட்டேன். கருகியது மிளகாய்தான் என்பதால் அது முழுப் பொய்யும் இல்லை.

இரவு வேலை அவளுக்கு, பகல் வேலை எனக்கு. ஆகவே தினமும் காலை ஏழு மணிக்கு அவள் என்னிடம்தான் ஒப்பிக்க வேண்டும். இன்று காலையும் வந்தாள். கண்ணில் தூக்கம், கையில் கோட்டு. மற்ற ஏழு பேரும் நிற்க, என் முகத்தைப் பார்த்தாள்.

"மார்னிங், சித்ரா" என்றாள்.

இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டு வருடமாக என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் திரும்பிப் பார்க்கிறேன். இவள் இந்த ஐந்து வருடத்தில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போது இரண்டு வாரமாக இதுதான். யாரும் இல்லாத நடையில் எதிர்ப்பட்டாலும் இதுதான். தமிழ் இல்லை.

ஜோன் கிழவி நாலு மணிக்கு 'வோக் அப்', தேநீர் கொடுத்ததும் 'காம் டவுன்'. ஆர்தர் மறுபடி சாப்பாட்டில் 'ஆஃப்', ஆனால் காய்ச்சல் 'கான் டவுன்', இன்று அவர்மேல் ஒரு கண் வைத்துக்கொள். எங்கும் தடங்கவில்லை, எங்கும் யோசிக்கவில்லை. ஒப்பித்து முடித்து, கோட்டை மாட்டிக்கொண்டு, "சீ யூ, சித்ரா" என்று வெளியே போனாள்.

அவள் பேசியது அத்தனையும் எனக்குப் புரிந்தது. ஒரு சொல்லைக்கூட நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.